டெம்பரமென்ட்: ‘சுரப்பங்கீடு’ பொருந்துமா?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு, வணக்கம்.

மீன்டோன் என்னும் பழைய ஐரோப்பிய முறையில் சுருதி கூட்டிய பியானோவில் டாங்கோ என்ற அர்ஜென்டினிய நடன இசையைப் பதிவு செய்வது பற்றிக் கட்டுரை எழுதிவரும் கும்பகோணத்து அன்பர், ‘டெம்பரமென்ட்’ (சுரங்களின் இடைவெளிகளை வகுக்கும் கணக்கு) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். முன்மொழியப்பட்ட ‘சுருதிமுறை’யை என்னால் ஏற்க இயலவில்லை. தஞ்சைப் பக்கத்துக் கச்சேரி வழக்கில் சுருதி என்பது தம்புராவின் ஆதார ஒலி. தஞ்சையிலிருந்தே 1917இல் ‘கருணாமிர்த சாகர’த்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் ஒரு ஸ்தாயிக்கு 24 என்று வாதிட்ட சுருதியோ ஓர் அளவு. மூன்றாவது பொருளையும் அச்சொல் தாங்காது.

டெம்பரமென்ட் என்பது சுருதி கூட்டும் செயலுக்கு முந்திய கணக்கு. தூய 3:2 விகிதத்தில் ச–ப இடைவெளியாகப் பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு ஸ்தாயிகளைத் தாண்டி ஏறத்தாழ 23.5 சென்ட் மிஞ்சும் (ஒரு ஸ்தாயி 1200 சென்ட்). இன்றைய பியானோ ஒவ்வொரு பஞ்சமத்தையும் சுமார் 2 சென்ட் குறைத்து அந்த மிச்சத்தைச் சமமாகக் கரைத்துவிடுகிறது. கால்-கமா மீன்டோன் முறையோ (கமா என்பது இத்தகைய சிறு சுருதி வேறுபாடு), அந்தர காந்தாரம் 5:4 என்ற தூய விகிதத்தில் (386 சென்ட்) நிற்பதற்காகப் பதினொரு பஞ்சமங்களை 696.6 சென்டுக்கு இறக்கி, எஞ்சிய ஒன்றை 738 சென்ட் வரை வீங்கவிடுகிறது. அதற்கு ‘ஓநாய்’ என்று பெயர். ஒருமுறை கேட்டவர் காரணம் கேட்கமாட்டார்.

கட்டுரையின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. ‘ஏ மைனர்’ என்ற மேற்கத்திய சுரவரிசையில் அமைந்த டாங்கோ ஒன்றுக்கு வேண்டிய ஜி ஷார்ப் அந்தப் பியானோவில் தூயதாக ஒலிக்கும். எஃப் மைனரில் அதே கட்டை ஏ ஃபிளாட்டாக நிற்க நேரும்போது 41 சென்ட் தாழ்ந்துவிடும். வயலின் கலைஞர் விரலை நகர்த்தி ஒத்துப்போவார். உலோக நாக்குகளின் சுருதி நிலைத்துவிட்ட பாண்டோனியன் என்னும் துருத்தி இசைக்கருவியால் அது முடியாது. ஆகவே எந்த மிச்சத்தை எவர் தலையில் வைத்தார்கள் என்பதைச் சொல் காட்டவேண்டும். ‘சுரப்பங்கீடு’ அதைக் காட்டுகிறது. ‘சமப்பங்கீடு’, ‘சமனிலாப் பங்கீடு’ என்று கிளைக்கவும் செய்கிறது.

அன்புடன்,
தஞ்சாவூரிலிருந்து

* * *

ஐயா, வணக்கம்.

‘சமப்பங்கீடு’ என்றதும் எனக்குப் பங்கீட்டு அட்டைதான் நினைவுக்கு வந்தது. கிளைச்சொற்களிலும் ‘சுர’ என்ற முன்னொட்டை விடாமல் ‘சமச் சுரப்பங்கீடு’ என்றே எழுதுவது நல்லது. வீணையின் மெழுகில் மெட்டுகளைப் பொருத்துவதை ‘மேளம் கட்டுதல்’ என்பார்களே என்று முதலில் எண்ணினேன். ஆனால் அதுவும் செயலின் பெயர்தான். தவிர, இந்த ஊரில் மேளம் என்றால் நாதசுரமும் தவிலும் வந்துவிடும். தாங்கள் விளக்கிய கணக்குக்குப் பங்கீடே பொருந்துகிறது. கட்டுரையில் அதையே ஆளப்போகிறேன். ‘கமா’வுக்கு ‘எச்சம்’ என்று குறித்து வைத்திருந்தேன். அது இலக்கணத்தாரின் உடைமை என்பதால் ‘மிகை’ என மாற்றிவிடுகிறேன்.

பணிவுடன்,
கும்பகோணத்திலிருந்து