மேற்கோள் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். பதிப்பு வரலாறு பற்றிய கட்டுரை ஒன்றை மேனுபாட் (Manubot) என்ற ஆய்வுக்கட்டுரை எழுதும் மென்பொருளில் எழுதி வருகிறேன். மார்க்டவுன் (எளிய குறியீடுகளால் வடிவமைக்கும் எழுத்துமுறை) உரையில், மேற்கோள் காட்டும் கட்டுரையின் டிஓஐ (DOI) என்ற அடையாள எண்ணை இட்டால் போதும், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் தானாக வந்துவிடுகின்றன. இந்த வசதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சிக்கல் பழைய தமிழ் நூல்களில்தான். உ. வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்த சீவக சிந்தாமணிக்கு டிஓஐயோ, ஐஎஸ்பிஎன் (ISBN) என்ற நூல் அடையாள எண்ணோ எப்படி இருக்கும்? அதனால் இப்படிப்பட்ட நூல்களின் விவரங்களை ஜேசான் (JSON) என்ற தரவு வடிவக் கோப்பில் கையால் எழுதிச் சேர்க்கிறேன். அது பரவாயில்லை.

ஆனால் பெயரை எப்படிக் கொடுப்பது? சாமிநாதையர் என்பதைக் குடும்பப் பெயராகவும் உ. வே. என்பதை முதற்பெயராகவும் கொடுத்தால், பட்டியலில் "சாமிநாதையர், உ. வே." என்று திருப்பிப் போட்டு நடுவில் காற்புள்ளி வைக்கிறது. சாமிநாதையர் என்பது குடும்பப் பெயரே இல்லையே! சரி என்று முழுப்பெயரையும் பிரிக்காமல், பெயரை அப்படியே அச்சிடும் 'லிட்டரல்' (literal) புலத்தில் கொடுத்தேன். அச்சில் அழகாக வந்தது, ஆனால் அகரவரிசையில் 'உ'வுக்குப் போய்விட்டது. தேடுகிறவர்கள் 'சா'வில்தானே பார்ப்பார்கள்?

மேற்கோள் பட்டியலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எல் (CSL) பாணிக் கோப்பில் பெயரைத் திருப்பும் கட்டளையை நீக்கிப் பார்த்தேன். தமிழ்ப் பெயர்கள் சரியாயின, அப்புறம் ஆங்கில ஆசிரியர்களின் பெயர்களும் திரும்பாமல் நின்றுவிட்டன. இதழுக்கு அது ஆகாது.

ஒரே பட்டியலில் இரு முறையையும் வைக்க யாராவது வழி கண்டிருக்கிறீர்களா? மேனுபாட் உள்ளே பயன்படுத்தும் பேண்டாக் (Pandoc) என்ற ஆவண மாற்றிக்கு லுவா வடிகட்டி (வெளியீட்டை மாற்றியமைக்க லுவா மொழியில் எழுதும் சிறு நிரல்) எழுதியவர்கள் இருந்தால், ஒரு சிறு மாதிரி கொடுத்தாலும் பெரிய உதவியாக இருக்கும்.