வளரும் கொங்கு, தேயும் தெற்கு: இந்தக் கணக்கு சரியா?

நொய்யல் கரையார்:
2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு நடக்க இருக்கிறது. அதுவரை 2011இன் எண்களைக் கொண்டுதான் பேச முடியும். 2001க்கும் 2011க்கும் இடையில் தமிழகத்தின் மக்கள்தொகை 15.6 விழுக்காடு கூடி 7.21 கோடியானது. அதே பத்தாண்டில் திருப்பூர் நகர்ப்புறத் திரள் (நகரமும் அதை ஒட்டிய ஊர்களும்) 5.5 இலட்சத்திலிருந்து 9.6 இலட்சமாகவும், கோவை 14.6 இலட்சத்திலிருந்து 21.4 இலட்சமாகவும் உயர்ந்தன. மதுரை மாநகராட்சியோ 1991இல் 9.41 இலட்சமாக இருந்து 2001இல் 9.29 இலட்சமாகக் குறைந்தது, 2011இல்தான் 10.18 இலட்சத்தைத் தொட்டது. கும்பகோணம் மூன்று கணக்கெடுப்புகளிலும் 1.4 இலட்சத்திலேயே நிற்கிறது. தஞ்சாவூர் பத்தாண்டில் 2.15 இலட்சத்திலிருந்து 2.23 இலட்சத்துக்குத்தான் நகர்ந்தது. வேலை இருக்கும் ஊருக்கு மக்கள் வருகிறார்கள், இல்லாத ஊரை விட்டுப் போகிறார்கள். எனவே குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் அரசு ஒதுக்கும் பணம் வளரும் நகரங்களுக்கே முதலில் போக வேண்டும் என்பது என் கருத்து.

வைகை வாசகர்:
கோவையையும் திருப்பூரையும் மரக்காலால் அளந்துவிட்டு மதுரையை மட்டும் ஆழாக்கால் அளந்திருக்கிறீர்கள். அவ்விரண்டுக்கும் சுற்றுப்புற ஊர்களைச் சேர்த்த நகர்ப்புறத் திரளின் எண்ணைத் தந்த நீங்கள், மதுரைக்கு மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்களை மட்டும் எண்ணினீர்கள். மதுரைத் திரளின் மக்கள்தொகை 1991இல் 10.86 இலட்சம், 2001இல் 12.03 இலட்சம், 2011இல் 14.66 இலட்சம். அதாவது மாநகராட்சி சுருங்கியதாக நீங்கள் காட்டும் அதே பத்தாண்டில் ஊர் வளர்ந்துதான் இருக்கிறது. இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால், கோவை மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் 9.31 இலட்சம் 10.51 இலட்சமானது, இது 13 விழுக்காடு, மாநிலச் சராசரிக்கும் கீழே. மாவட்டமாக எடுத்தால் மதுரை 17.8, கோவை 18.6. இதில் எங்கே இருக்கிறது தேய்வு?

மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் நடந்து பார்த்தவர்களுக்கு அந்தக் குறைவின் காரணம் விளங்கும். முன்பு கூட்டுக் குடும்பம் இருந்த வீட்டின் கீழ்த்தளம் ஜவுளிக் கடையாகவும் மாடி சரக்கு அறையாகவும் மாறியிருக்கும். அடுத்த வீடு தங்கும் விடுதியாக இருக்கும். அங்கிருந்த குடும்பங்கள் அவனியாபுரத்துக்கும் ஆனையூருக்கும் திருநகருக்கும் குடிபோயின. அவனியாபுரமும் ஆனையூரும் 2011 வரை தனி நகராட்சிகள். சில கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டியவரை ஊரை விட்டுப் போனவராக எழுதுவது என்ன நியாயம்? உங்கள் முறைப்படி பார்த்தால் பத்தாண்டில் வெறும் 7 விழுக்காடு வளர்ந்த சென்னை மாவட்டமும் தேய்ந்துபோன ஊர்தான். அதே காலத்தில் பக்கத்திலிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் 39, திருவள்ளூர் 35 விழுக்காடு வளர்ந்தன.

நொய்யல் கரையார்:
சரி, எல்லாவற்றையும் மரக்காலாலேயே அளப்போம். மதுரைத் திரள் 22 விழுக்காடு, கோவை 46, திருப்பூர் 75. இடைவெளி குறையவில்லையே! திருப்பூரின் எண்ணேகூடக் குறைவானது என்று நான் நினைக்கிறேன். 2011 ஜனவரி இறுதியில் உயர் நீதிமன்ற உத்தரவால் நொய்யல் கரையின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது பிப்ரவரியில். பட்டறை மூடினால் காம்பவுண்டு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஆள் வாடகை கொடுத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார், சொந்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார். அப்படி இருந்தும் 9.6 இலட்சம் என்றால், அந்த ஊரின் இழுப்பு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

வைகை வாசகர்:
இழுப்பை நான் மறுக்கவில்லை. அதன் அளவைத்தான் கேட்கிறேன். நகர்ப்புறத் திரளின் எல்லையும் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் நகர்கிறது. ஐயாயிரம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால் பங்கு வேளாண்மைக்கு வெளியே என்ற மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால், ஊராட்சியாகவே இருக்கும் ஊரையும் கணக்கெடுப்புத் துறை நகரம் என்று பதிகிறது. தமிழகத்தில் இப்படிப் பதியப்பட்ட ஊர்கள் 2001இல் 111; 2011இல் 376. விசைத்தறி ஓடும் ஓர் ஊரில் பிறந்து அங்கேயே இருப்பவர் ஒருநாள் காலையில் நகரவாசியாகிவிடுகிறார். அவர் எங்கிருந்தும் வரவில்லை. உங்கள் 46லும் 75லும் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்.

அட்டகட்டிக்காரர்:
இருவரும் எல்லைக்கோட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வால்பாறை நகராட்சியில் கோட்டின் மேல் பழி போட வழியில்லை, ஏனென்றால் எல்லைக்கு வெளியே குடிபோவதற்குக் காடுதான் இருக்கிறது. 2001இல் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர் இருந்த நகராட்சியில் 2011இல் ஏறத்தாழ 71 ஆயிரம் பேர்தான். நால்வரில் ஒருவர் இல்லை. 1990களின் இறுதியில் தேயிலை விலை விழுந்தது. தோட்டக் கூலியும் திருப்பூர் பனியன் கம்பெனிச் சம்பளமும் ஒப்பிட முடியாத தூரத்துக்குப் போயின. முதலில் பிள்ளைகள் மலை இறங்கினார்கள், பிறகு ஓய்வு பெற்ற பெற்றோர்கள். தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் தோட்ட நிர்வாகம் தரும் லயன் வீடு சொந்தம். வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பரம்பரையாகக் கொழுந்து பறித்தும் தங்குவதற்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள் வேறென்ன செய்வார்கள்? இன்று அதே லயன்களில் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன.

நீலகிரியும் இப்படித்தான். அந்தப் பத்தாண்டில் மாநிலத்தில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் அதுதான்: 7.62 இலட்சத்திலிருந்து 7.35 இலட்சம். ஊட்டி நகரம் 94 ஆயிரத்திலிருந்து 88 ஆயிரமானது. பச்சைத் தேயிலை விலை விழுந்ததோடு, ஊட்டியில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை நொடித்துப் போனதும் ஒரு காரணம். 1000 ஆண்களுக்கு 1042 பெண்கள் என்று மாநிலத்திலேயே உயர்ந்த பாலின விகிதம் நீலகிரியில்தான். வேலை தேடி ஆண்கள் மலை இறங்கியதும் அந்த எண்ணில் இருக்கிறது என்பது என் கணிப்பு. நொய்யல் கரையார் பெருமைப்படும் வளர்ச்சியில் எங்கள் பிள்ளைகளின் தலைகளும் எண்ணப்பட்டிருக்கின்றன.

குடந்தைவாசி:
கும்பகோணத்தின் பெயர் அடிபட்டதால் ஒரு வார்த்தை. இருபது ஆண்டுகள் எண் மாறவில்லை என்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளாகாது. அந்த இருபது ஆண்டுகளில் பிறந்தவர்கள் இறந்தவர்களைவிடக் கட்டாயம் அதிகம். கூடியிருக்க வேண்டிய அத்தனை பேரும் வெளியேறியதால்தான் கணக்கு சமமாக நிற்கிறது. சிலர் தாராசுரம் பக்கம் மனை வாங்கிப் போனார்கள். அது வைகை வாசகர் சொல்லும் வகை. மற்றவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள்; அது அட்டகட்டிக்காரர் சொல்லும் வகை. இரண்டையும் பிரிக்காமல் தேய்வு என்றோ தேய்வில்லை என்றோ தீர்ப்புச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சென்னையைப் பற்றியும் ஒன்று உண்டு. அதன் 7 விழுக்காட்டுக்கு வாடகையும் மனை விலையும் மட்டும் காரணமல்ல. கூவம் கரையிலும் கடற்கரையிலும் இருந்த குடிசைகளை அகற்றி, அங்கிருந்த பல்லாயிரம் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் கொண்டுபோய் வைத்தது அரசுதான். இரண்டும் அப்போது மாநகராட்சிக்கு வெளியே இருந்தன. 2011 அக்டோபரில் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, அதே மக்கள் மீண்டும் சென்னைவாசிகளானார்கள்.

நொய்யல் கரையார்:
பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் நிதி பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது. ஆள் குறையும் ஊருக்கும் ஆள் கூடும் ஊருக்கும் ஒரே அளவு கொடுத்தால், காம்பவுண்டில் எட்டு வீட்டுக்கு ஒரு கழிப்பறை என்று வாழும் பனியன் தொழிலாளிக்கு என்ன பதில்?

அட்டகட்டிக்காரர்:
அவருக்குக் கொடுங்கள், அவர் எங்கள் ஊர்க்காரராகவே இருக்கலாம். ஆனால் நால்வரில் ஒருவர் போய்விட்டதால் மலைச்சாலையின் நீளமோ குடிநீர்க் குழாயின் நீளமோ கால்பங்கு குறைந்துவிடவில்லை. வரி கட்டுபவர்கள் குறைய, பராமரிப்புச் செலவு அப்படியே நிற்கிறது. தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் மலை நகரங்கள் விளக்குக் கம்பத்தைக்கூடப் பழுது பார்க்க முடியாது.

வைகை வாசகர்:
எதைச் செய்வதானாலும் 2027க்கு முன்பே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். 2024இல் புதுக்கோட்டை, காரைக்குடி, நாமக்கல், திருவண்ணாமலை ஆகியவை சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சிகளாயின. புதிய எண்கள் வெளிவரும் நாளில் இந்நான்கும் பாய்ந்து வளர்ந்ததாகத் தலைப்புச் செய்திகள் வரும். கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31உடன் உறைய வைக்கப்பட்டன. அந்த எல்லைக்குள் 2011இல் எத்தனை பேர் இருந்தார்கள் என்று வார்டு வாரியாகவும் ஊராட்சி வாரியாகவும் கூட்டிப் பார்க்கப் பழைய எண்களே போதும். மதுரைக்கு அதை நான் தொடங்கியிருக்கிறேன். கோவையையும் திருப்பூரையும் நொய்யல் கரையார் எடுத்துக்கொண்டால் இதே இடத்தில் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.