சௌஜானாவில் ஒரே ஒரு நாள்: நாகமா, முதலையா?

வெள்ளவத்தைவாசி

அடுத்த மாதம் குடும்பத்தோடு கோலாலம்பூர் போகிறோம். அக்கா மகளின் கல்யாணம், பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோவிலில். ஆறு நாள் பயணத்தில் கோல்ஃபுக்கென்று மனைவி ஒதுக்கித் தந்திருப்பது ஒரேயொரு நாள். அதிலும் நாலு மணிக்கு முன்னர் குளித்து முழுகி, உடுப்பு மாற்றி, பூமாலைக்குச் சொல்லப் போக ஆயத்தமாக நிற்க வேண்டுமாம்.

அத்தான் கோலாலம்பூர்ப் பக்கத்துச் சௌஜானா கோல்ஃப் கிளப்பில் கன காலத்து அங்கத்தவர். அங்கே 18 குழி மைதானங்கள் இரண்டு: பாம், புங்கா ராயா. புங்கா ராயா என்றால் நம்முடைய செவ்வரத்தம்பூதான். பெயர்கள் இவ்வளவு சாதுவாக இருந்தாலும், விளையாடுகிறவர்கள் பாமை கோப்ரா என்றும் மற்றதை குரொக்கடைல் என்றும்தான் சொல்கிறார்கள். "நாகமா, முதலையா? கெதியாகச் சொல், நேரம் பதிய வேண்டும்" என்று அத்தான் தினமும் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

என்னைப் பற்றி: வயது 53. கிரிக்கெட்டில் முழங்கால் போன பிறகு ஆறு வருடமாக மட்டை பிடிக்கிறேன். ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (திறமையை அளக்கிற எண், குறைந்தால் நல்லது) 18.6. டிரைவரால், அதாவது நீள அடிக்கான மட்டையால், அடித்தால் 190 யார்டு. தூரம் இல்லை, ஆனால் நேராகப் போகும். விளையாடுவது கொழும்பு ரிட்ஜ்வே மைதானத்தில், அதை விட்டால் நுவரெலியாவில் ஒரே ஒரு தடவை. அன்றைக்குப் பனிமூட்டத்தில் பந்தையும் காணவில்லை, கிரீனையும் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரை) காணவில்லை, ஆகவே அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இரண்டிலும் விளையாடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தோற்றவர் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்று பந்தயமும் உண்டு. இன்னொன்று: மட்டைப் பையை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகலாமா, அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா?

---

பொரளைப் பழசு

தம்பி, வங்கி வேலையில் ஏழு வருடம் கே.எல்.லில் இருந்தவன் நான். இரண்டிலும் போதுமான அளவு அவமானப்பட்டிருக்கிறேன், ஆகவே சொல்லலாம்.

முதலில் ஒரு விஷயம். எல்லோரும் "பாம் நீளம், கஷ்டம், புங்கா ராயா கொஞ்சம் அகலம், தண்ணீர் அதிகம்" என்று சொல்வார்கள். பிழையில்லை. ஆனால் உங்களைப் போன்ற ரிட்ஜ்வே ஆளுக்கு வித்தியாசம் நீளத்தில் இல்லை, காலுக்குக் கீழே இருக்கிற நிலத்தில் இருக்கிறது.

ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கிய கிளப் நம்முடையது. அதுவும் சமதரை, பிறகு 1896இல் வந்து சேர்ந்த ரிட்ஜ்வேயும் சமதரை. களனிவெளி ரயில் மைதானத்துக்குள்ளாலேயே ஓடுகிறது. ஏற்ற இறக்கம் இருந்தால் அந்தக் காலத்து ஆட்கள் அந்த வழியாகத் தண்டவாளம் போட்டிருப்பார்களா? தண்ணீர் உண்டு, கபரகொய்யா (தண்ணீர் உடும்பு) உண்டு, பந்தைத் தூக்கிக்கொண்டு போகிற காகம் உண்டு. ஆனால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கும். பந்து நெஞ்சுப் பக்கம் ஏறியோ கணுக்காலுக்குக் கீழே இறங்கியோ கிடக்க நீங்கள் அடித்தது எத்தனை தடவை? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பாம் மேடும் பள்ளமுமான தோட்டக் காணி. அமெரிக்கரான ரொனால்ட் ஃப்ரீம் வடிவமைத்தது, திறந்தது 1986இல். ஃபெயார்வேயின் (கிரீனுக்குப் போகிற வெட்டிய புல்பாதை) நடுவில்தான் பந்து விழுந்தது என்று சந்தோஷமாகப் போனால் அது சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து காலுக்கு மேலே இருந்தால் அடி இடப்பக்கம் இழுக்கும், கீழே இருந்தால் வலப்பக்கம் ஓடும். ஏற்றத்தில் அடித்தால் பந்து உயர எழும்பி, நினைத்த தூரம் போகாது. ஒரு படி தூரம் போகிற மட்டையாக எடுக்க வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் படித்தால் வராது, இடுப்புக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது கிரீன். எனக்கு அங்கே முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். பந்து கொடியிலிருந்து ஒரு எட்டு அடி மேலே. மேலிருந்து கீழே பட், அதாவது குழிக்குள் உருட்டுகிற அடி. நம்முடைய கிரீனில் தட்டுகிற மாதிரித் தட்டினேன். பந்து குழியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நின்று யோசித்து, திரும்ப உருளத் தொடங்கி, கிரீனையும் விட்டிறங்கி, நான் முதலில் சிப் (கிரீனுக்கு ஏற்றுகிற குட்டை அடி) அடித்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. மட்டைப் பை தூக்குகிற கேடிப் பொடியன் பார்வையை வானத்துக்குத் திருப்பினான். (என் மனைவிக்கு இன்றைக்கும் அந்தச் சொல் பிடிக்காது. "தமிழ்ப் படத்தில் கேடி என்றால் திருடன், நீங்கள் அவனுக்குக் காசும் குடுக்கிறீங்கள்" என்பார்.)

அவன்தான் பிறகு புல்லின் படிமானத்தைக் காட்டித் தந்தான். வெப்ப நாட்டுப் புல் ஒரு பக்கமாகப் படிந்து வளரும். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து பார்க்கும்போது கிரீன் மினுங்கினால் புல் உங்களை விட்டு அப்பால் படிந்திருக்கிறது, பந்து விரைந்து ஓடும். கறுத்துத் தெரிந்தால் புல் உங்களைப் பார்த்துப் படிந்திருக்கிறது, கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டும். குழியின் விளிம்பையும் பாருங்கள்: ஒரு பக்கம் வெட்டின மாதிரிச் சுத்தமாகவும் மறுபக்கம் பிய்ந்த மாதிரியும் இருந்தால், பிய்ந்த பக்கத்தை நோக்கித்தான் புல் படிந்திருக்கிறது. இது ரிட்ஜ்வேயிலும் உதவும், நான் அறுபது வயதில்தான் கவனித்தேன்.

என் தீர்ப்பு: ஒரே நாள் என்றால் புங்கா ராயா. நேராக அடிக்கிற, தூரம் இல்லாத ஆளுக்கு அது மரியாதை தரும். தண்ணீருக்கு நீங்கள் பழகினவர். பாமில் விளையாடத்தான் வேண்டும் என்றால், போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை கண்டிப் பக்கம் திகனைக்குப் போய் விக்டோரியாவில் ஒரு சுற்று ஆடிவிட்டுப் போங்கள். டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்தது. அங்கே ஒழுங்கான ஏற்ற இறக்கம் கிடைக்கும், நீர்த்தேக்கமும் பார்க்க வடிவு.

மட்டைப் பை: கொண்டு போங்கள். வாடகை மட்டையோடு நாகத்திடம் போகக் கூடாது.

---

கிருலப்பனை அக்கா

பழசு அண்ணை சொன்னதில் புல்லுக் கதை நூற்றுக்கு நூறு சரி. தீர்ப்பு மட்டும் பிழை.

தம்பி, நீங்கள் ஆறு வருடமாகச் சமதரையில்தானே விளையாடுகிறீர்கள்? பிளேன் ஏறிப் போய் இன்னொரு தண்ணீர் மைதானத்திலா விளையாடப் போகிறீர்கள்? மலேசியன் ஓப்பன் போட்டிகள் நடந்த கிளப், உள்ளே கூட்டிக்கொண்டு போக அத்தானும் ஆயத்தம். பாமில் விளையாடுங்கள், முன் டீயிலிருந்து (குழிக்குக் கிட்ட இருக்கிற தொடக்க இடம்). ஆண்கள் முன் டீக்குப் போனால் ஏதோ சொத்தை எழுதிக் கொடுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். 190 யார்டு அடிக்கிற ஆளுக்கு அந்த டீயைத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பந்தயத்துக்கு ஒரு கணக்கு. உங்கள் 18.6ஐ அப்படியே கொண்டுபோய் நிற்காதீர்கள். கார்டில் அந்த டீக்குரிய ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கஷ்டம் என்கிற எண்) இருக்கும். இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113ஆல் வகுக்க வேண்டும். மைதான ரேட்டிங்குக்கும் (கெட்டிக்காரருக்கு எதிர்பார்க்கிற அடிகள்) பாருக்கும் (மைதானத்துக்கு வைத்த இலக்கு அடிகள்) உள்ள வித்தியாசத்தை அதோடு கூட்ட வேண்டும். உதாரணத்துக்கு ஸ்லோப் 135 என்றால் முதல் கணக்கே 22க்கு மேல் வரும். மூன்று நான்கு அடி சும்மா கிடைக்கிறது. அத்தான் இதைத் தானாகச் சொல்லப் போவதில்லை.

பாமின் இரண்டாவது குழி பார் 3, மூன்று அடியில் முடிக்க வேண்டியது. அங்கே கொடியைப் பார்த்து அடிக்க வேண்டாம். அது கடினத்துக்கே பேர்போன குழி. நாலில் முடித்தால் கோவிலில் ஒரு தேங்காய் உடையுங்கள்.

அப்புறம், காலை ஏழரைக்கு முன்னர் தொடங்கிவிடுங்கள். கே.எல்.லில் பின்னேர இடி நம்முடைய ஐப்பசி இடியை விட மோசம்.

---

மாதிவெல பங்கர்

முதலை பந்தை மட்டும்தான் விழுங்கும். நாகம் ஆளைக் கடிக்கும். நான் முதலைப் பக்கம்.

---

வெள்ளவத்தைவாசி

எல்லோருக்கும் நன்றி, போய் வந்துவிட்டேன். திகனைக்குப் போக லீவு கிடைக்கவில்லை. ஆனாலும் கிருலப்பனை அக்கா பேச்சைக் கேட்டு பாம், முன் டீ.

பழசு அண்ணை, இடுப்புக்குத் தெரிய வேண்டும் என்று நீங்கள் எழுதியது இப்போது விளங்குகிறது. நாலாவது குழியில் பந்து என் முழங்கால் மட்டத்தில் கிடந்தது. இடப்பக்கம் இழுக்கும் என்று மனதுக்குள் மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டு வலப்பக்கம் குறி வைத்தேன். இழுத்தது. நான் கணக்குப் போட்டதைவிட இரண்டு மடங்கு. பக்கத்து மரத்தில் பட்டு, அத்தானின் பகியின் (மைதானத்தில் ஓட்டுகிற சின்ன வண்டி) கூரையில் பட்டு, ஃபெயார்வேக்கே திரும்பி வந்தது! அத்தான் ஒன்றும் பேசவில்லை, தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தார்.

இரண்டாவது குழியில் ஆறு. தேங்காய் மிச்சம்.

கிரீன்களில் மினுக்கம் பார்த்தது நன்றாகவே கைகொடுத்தது, முதல் ஏழு குழிக்கும் மூன்று பட் ஒன்றுகூட இல்லை. எட்டாவதில் சந்தோஷம் தலைக்கேறி, மினுக்கம் பார்க்காமல் அடித்து நாலு பட்.

ஆனால் பிரச்சினை வேறு. அத்தான் குடும்பத்தில் காலைச் சாப்பாடு இல்லாமல் வெளியே விட மாட்டார்கள். இடியப்பம், சொதி, சம்பல், பிறகு சம்பந்தி வீட்டார் அனுப்பிய பலகாரம். டீயில் நிற்கும்போது பத்தேகால். பதினாலு குழி முடித்துப் பதினைந்தாவது டீக்கு ஏறும்போது வானம் கறுத்து, இடிக்காக ஆட்டத்தை நிறுத்தச் சைரன் ஊதிவிட்டார்கள். கிளப் ஹவுஸில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் மனைவியின் அழைப்பு, பூமாலை.

இரண்டு கேள்வி. பதினாலு குழி ஸ்கோரை ஹேண்டிகேப்புக்குப் போடலாமா, இல்லை வீணா? மட்ச் பிளேயில் (யார் எத்தனை குழி வென்றார் என்று எண்ணுகிற ஆட்டம்) அப்போது நான் ஒரு குழி முன்னால் நின்றேன். ஆட்டம் முடியவில்லை, ஆகவே பந்தயமும் இல்லை என்கிறார் அத்தான். வாழையிலைக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

---

கிருலப்பனை அக்கா

பத்தேகாலா! நான் ஏழரை என்று எழுதினேனே.

ஸ்கோரைப் போடலாம். குறைந்தது பத்துக் குழி விளையாடியிருந்தால் போதும். 2024இல் ஹேண்டிகேப் விதிகள் மாறிய பிறகு, விளையாடாத நாலு குழிக்கும் உங்கள் இண்டெக்ஸுக்கு ஏற்ற எதிர்பார்ப்பு ஸ்கோரை ஹேண்டிகேப் கணக்கு முறை தானாகவே கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளும்.

---

பொரளைப் பழசு

பந்தயம் செல்லும், தம்பி. இடிக்காக நிறுத்திய மட்ச் பிளே ஆட்டம் ரத்தாகாது. நிறுத்திய இடத்திலிருந்தே தொடர வேண்டும், பாமின் பதினைந்தாவது டீயில், நீங்கள் ஒரு குழி முன்னால். மனைவியிடம் சொல்லி டிக்கெட் போடுங்கள். உங்கள் அக்காவுக்குக் கல்யாணம் செய்ய இன்னொரு மகள் இருக்கிறாளா?