கீமோதெரபி நாட்களில் அன்பாகக் கவனிப்பவர்களிடம் எல்லையை எப்படிச் சொல்வது?

கேள்வி: கரூரான், டோர்ட்முண்ட்

நிணநீர்ப் புற்றுநோய்க்காக இங்கே கீமோதெரபி எடுத்துவருகிறேன். ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலில் அறிமுகமான ஈழத்துக் குடும்பங்கள் சில, நான் கேட்காமலேயே என் சமையலையும் மருத்துவமனைப் பயணங்களையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டுவிட்டன. மாலையில் குளிர்ந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தரும் மருத்துவமனையில் சூடான இடியப்பமும் சொதியும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால், சளி பிடித்த குழந்தைகளும் உடன் வருகிறார்கள். ஒருவர் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்து, குடித்தே ஆக வேண்டும் என்கிறார். மனம் நோகாமல் மறுப்பது எப்படி? எனக்கு நினைவு தப்பினால் முடிவெடுக்க, ஊரில் இருக்கும் அம்மா போதுமா?

பதில் 1: செவிலி, கொலோன்

முதலில் அம்மாவைப் பற்றி. வயதுவந்த பிள்ளைக்காக மருத்துவ முடிவெடுக்கும் உரிமை, பெற்ற தாய்க்கும் ஜெர்மன் சட்டத்தில் தானாக வருவதில்லை. 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள அவசர உரிமையும் கணவன் மனைவிக்கு மட்டுமே. அதுவும் ஆறு மாதங்களுக்குத்தான். நீங்கள் எதுவும் எழுதிவைக்கவில்லை என்றால் நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும், அவர் உங்களை அறியாதவராகவும் இருக்கலாம். ஆகவே, உங்கள் மனம் அறிந்த, ஜெர்மன் நன்றாகப் பேசும் ஒருவருக்கு 'ஃபோர்ஸோர்கஃபோல்மாக்ட்', அதாவது உங்களால் முடியாதபோது உங்களுக்காக முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுங்கள். மருத்துவ இரகசியத்தை அவரிடம் சொல்லலாம் என்பதும் அதில் இருக்கட்டும்.

கீமோவுக்குப் பின் ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருப்பது வழக்கம். அந்த நாட்களில் சளி இருப்பவர்கள் வாசலோடு நின்றுகொள்வதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சோறு அன்றன்று வடித்ததாக இருக்கட்டும்: அறை வெப்பத்தில் நெடுநேரம் கிடந்த சோற்றில் ஒருவகை நுண்ணுயிரி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. சாறு, கஷாயம் எதுவானாலும் மருந்தோடு முரண்படக்கூடும் என்பதால் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள்.

பதில் 2: ஹம் அன்ரி

தம்பி, நாங்கள் நோகமாட்டோம். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த எங்களில் பலருக்கு இந்த நாட்டில் தாயுமில்லை, மொழியுமில்லை. ஒருவர் படுத்தால் மற்றவர் கஞ்சி காய்ச்சி, தெரிந்த ஜெர்மனில் மருத்துவரிடம் பேசி வளர்த்த பழக்கம் இது. நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதால் அது மாறாது. ஆனால், மறுப்பை நீங்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னால் அது மறுப்பாகத்தான் கேட்கும். எங்களுக்குள் பேச்சு எடுபடும் ஓர் அக்காவிடம் மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்லிவிடுங்கள். எந்தக் கிழமை யார் சமைப்பது, எந்த வாரம் பிள்ளைகள் வரக்கூடாது என்பதை அவரே வாட்ஸ்அப்பில் அறிவித்துவிடுவார். பப்பாளிச் சாறுகாரர் என் மைத்துனராகத்தான் இருக்க வேண்டும், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பதில் 3: காப்பீட்டுத் துறை, எசன்

அன்ரி சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். இச்சிகிச்சை பல மாதம் நீளும், சமைப்பவர்களும் வேலைக்குப் போகிறவர்கள். பொது மருத்துவக் காப்பீட்டில் இருப்பவருக்கு, கடும் நோயில் வீட்டைக் கவனிக்க வேறு ஆளில்லை என்றால், பிள்ளை இல்லாதவருக்கும் நான்கு வாரம்வரை வீட்டுப்பணி உதவி கேட்கும் வழி உண்டு. நாளுக்கு 5 முதல் 10 யூரோ நாம் கட்ட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தால் ஆள் அனுப்ப முடியாவிட்டால், நாமே அமர்த்தும் ஆளுக்கு நியாயமான தொகையைத் திருப்பித் தருவார்கள். விண்ணப்பத்தை முன்கூட்டியே, மருத்துவச் சான்றோடு கொடுக்க வேண்டும். மருத்துவமனையின் சமூக சேவைப் பிரிவு படிவத்தை நிரப்ப உதவும்.

கரூரான்

எழுதிக் கொடுக்கும் அதிகாரத்தை அன்ரி குறிப்பிடும் அக்காவிடமே கொடுக்கலாமா, அல்லது அதையும் அவர்மேல் சுமத்துவது மிகையாகுமா?

ஹம் அன்ரி

கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை என்றால் நேராகவே சொல்லிவிடுவார், அந்த அக்கா அப்படிப்பட்டவர்தான். கையெழுத்துப் போடும் முன் அம்மாவோடு அவரை ஒருமுறை வீடியோவில் பேச வையுங்கள்.