உப்புவெளியில் புதுவீடு: முழுவீட்டு ஹீட் பம்பா, அறைக்கு ஒரு ஏசியா?

உப்புவெளிப் புதுவீடு:
திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்குக் கிட்ட வீடு கட்டுகிறோம். மூன்று அறை, ஒரு ஹோல், மேலே கொங்கிறீற் பிளாட் (தட்டைக் கூரை). பூச்சு வேலை தொடங்க முன்னர் ஏசி பைப் எங்கே போகிறது என்று மேசன் பாஸுக்குச் சொல்ல வேண்டும். கனடாவில் இருக்கும் மச்சான், "அறைக்கு அறை ஏசி மாட்டாதே, முழு வீட்டுக்கும் ஒரே ஹீட் பம்ப் போடு, குளிரும் வரும் சுடுதண்ணியும் வரும், பாதிக் காசு நான் தாறன்" என்கிறார். அம்மாவுக்கு மூட்டு வருத்தம், விடிய சுடுதண்ணீர் வேண்டும். பகலில் வீட்டில் அவர் மட்டும்தான். விளக்கமானவர்கள் சொல்லுங்கள்.

ரொறன்ரோ தம்பலகாமத்தான்:
மச்சான் சொல்வதைக் கேளுங்கள். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்கு மாற்றுகிறது. அதனால்தான் ஒரு யூனிற் கரண்டில் மூன்று யூனிற் வெப்பத்தை நகர்த்துகிறது. இங்கே வெளியில் மைனஸ் 20 இருக்கும்போதும் எங்கள் வீட்டைச் சூடாக வைத்திருப்பது அதுதான். யூலையில் அதே பெட்டி குளிர் தரும். சீலிங்குக்குள் டக்ட் (குளிர்காற்றுக் குழாய்) போனால் எல்லா அறையும் ஒரே சீராக இருக்கும். இப்போது செய்யாவிட்டால் பிறகு சீலிங்கை உடைக்க வேண்டி வரும்.

நிலாவெளி மெக்கானிக்:
அண்ணை, நம்மூர்ச் சுவரில் தொங்கும் ஏசியும் ஹீட் பம்ப்தான். காஸ் ஓடும் திசையைத் திருப்பும் வால்வு ஒன்று சேர்ந்தால் அது சூடும் தரும், அவ்வளவுதான் வித்தியாசம். மார்கழி, தை இரவிலும் திருகோணமலையில் 22, 23 பாகைக்குக் கீழே போவது அரிது. போர்வை போதும்.

என் பயமெல்லாம் உப்பு. கடலைப் பார்த்தபடி வைத்த அவுட்டோர் யூனிற்றுகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். அலுமினியத் தகடுகள் வெள்ளை மாவாகி, விரலால் தடவினாலே உதிரும். செப்புக் குழாய் மட்டும் பச்சை பூத்து நிற்கும். தகடு போனால் சூடு வெளியேற வழியில்லை. கம்பிரசர் திணறி ஓடும், பில் ஏறும், கடைசியில் அதுவும் போகும். அறைக்கு ஒன்று என்றால் ஒரு அறைதான் வேகும். முழு வீட்டுக்கும் ஒன்று என்றால் சாமான் கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை வீடே வேகும்.

ரொறன்ரோ தம்பலகாமத்தான்:
மூன்று யூனிற் வைத்தால் மூன்றிலும் உப்புப் படியாதா தம்பி? ஒன்றென்றால் தகட்டில் நல்ல பூச்சுள்ளதாக வாங்கி, அந்த ஒன்றைக் கவனமாகப் பார்க்கலாம். இப்போது வருபவை பெரும்பாலும் இன்வேர்ட்டர், கம்பிரசரின் வேகத்தை மாற்றக்கூடியவை. அம்மா தனியாக இருக்கும்போது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

நிலாவெளி மெக்கானிக்:
பூச்சு விஷயம் சரி. குறைப்பதுதான் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. இன்வேர்ட்டருக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. மூன்று அறையும் ஹோலும் சேர்த்துக் கணக்குப் போட்ட பெரிய யூனிற், இரவில் ஒரு சின்ன அறைக்கு மட்டும் ஓடும்போது அந்த எல்லைக்கும் கீழே போக முடியாமல் நிற்கும், பிறகு ஓடும், திரும்ப நிற்கும். நம்மூரில் ஏசிக்கு இரண்டு வேலை: சூட்டை எடுப்பது ஒன்று, காற்றில் உள்ள ஈரத்தை எடுப்பது மற்றது. ஈரம் ஏசிக்குள் குளிரும் கொயிலில் தண்ணீராகக் கோத்து வெளியே வடிய நேரம் வேண்டும். இடையில் நின்றால், ஃபான் ஓடிக்கொண்டிருக்க, கோத்த தண்ணீர் திரும்ப அறைக்குள்ளேயே ஆவியாகும். அறை குளிரும், ஆனால் ஒட்டும். ஐப்பசி கார்த்திகையில் அலுமாரிக்குள் இருக்கும் சேலையில் பூஞ்சணம் பிடிக்க இதுவும் ஒரு காரணம். கனடாவில் குளிர்காலத்துக்குப் பார்த்து அளவெடுப்பார்கள். இங்கே சரியான அளவு, அல்லது ஒரு பிடி குறைவு, அதுதான் நல்லது.

டக்டிலும் ஈரம்தான் பிரச்சினை. சூடு புகாமல் சுற்றிய மேற்சுற்று எங்கேயாவது கிழிந்தால் அந்த இடத்தில் வியர்த்து, சீலிங்கில் மஞ்சள் கறை விழும்.

உவர்மலை ரீச்சர்:
இரண்டு பேரும் பெட்டியைப் பற்றியே கதைக்கிறீர்கள். முதலில் பிளாட்டைப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் முழுக்கக் காய்ந்த கொங்கிறீற், விளக்கு வைத்த பிறகுதான் உள்ளே வெக்கையைக் கக்கத் தொடங்கும். நடுச்சாமம்வரை விடாது. அந்தச் சூட்டை ஏசியால் இழுப்பது கரண்டைக் கொட்டுவதுதான். பிளாட்டுக்கு மேலே காற்றுப் போக இடைவெளி விட்டு இன்னொரு கூரை போடுங்கள், அல்லது வெள்ளைப் பூச்சாவது அடியுங்கள். மேற்குச் சுவருக்கு விறாந்தை இறக்குங்கள்.

2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அன்றைக்கு எந்த ஹீட் பம்ப் ஓடியது? யன்னலும் நிழலும்தான் ஓடின. மின்சாரக் கட்டணமும் கூடப் பாவிக்கப் பாவிக்க ஒவ்வொரு படியாக ஏறுவது. மாதம் 180 யூனிற்றைத் தாண்டினால் உச்சப் படி விலை. ஒரு பென்சன்காரரின் வீட்டில் அந்தப் படி சின்ன விஷயமல்ல.

நிலாவெளி மெக்கானிக்:
ரீச்சர், கூரை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் காற்றோட்டமான வீட்டுக்குள் ஏசியை மாட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கூத்து. யன்னலுக்கு மேலே பூக்கல் (காற்றுப் போகும் துளைக் கல்) திறந்திருக்கும், அதன் வழியாக வெளிக்காற்று இரவிரவாக ஈரத்தை உள்ளே கொண்டுவரும். ஏசி போடும் அறையில் பூக்கல் அடைபட வேண்டும், கதவின் கீழ் இடைவெளி அடைபட வேண்டும். ஹோலும் குசினியும் திறந்தே இருக்கட்டும். அடைத்த அறையில் 9,000 பீடியூ (சின்ன அறைக்குரிய அளவு) இன்வேர்ட்டர் இரவு 8 மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய 3, 4 யூனிற். ஹோலையும் சேர்த்துக் குளிரவைத்தால் அந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும்.

கிண்ணியா வயறிங்:
சுடுதண்ணீருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 20 லீற்றர் வாளியை 28 பாகையிலிருந்து 42க்கு ஏற்ற மூன்றில் ஒரு யூனிற் போதும். 150 லீற்றர் தாங்கியை 50 பாகைக்குக் கொண்டுவர சாதாரண ஹீற்றர் கொயிலுக்கு 4 யூனிற்றுக்குக் கிட்ட வேண்டும், ஹீட் பம்புக்கு ஒன்றேகால் அளவில் முடியும். ஆறு அறை வாடகைக்கு விடுகிற இடமென்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடச் சொல்வேன். அம்மாவின் ஒரு வாளிக்கு அது வேண்டாம். பாத்ரூமுக்குச் சின்னக் கீசர், அதற்குத் தனி வயர், எர்த், ட்ரிப் சுவிட்ச். இந்த மூன்றிலும் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

ரொறன்ரோ தம்பலகாமத்தான்:
சுடுதண்ணீரை விடுகிறேன். ஹோலை விடமாட்டேன். வைகாசியில் பிள்ளைகளோடு வந்து நிற்கும்போது பகலில் ஹோலில் இருக்க முடியவில்லை. வயதானவர் பகல் முழுக்க அங்கேதானே இருப்பார்? வெக்கை அவர் உடம்புக்கும் ஆகாது. கூரையில் சோலார் போட்டால் பகல் கரண்ட் பிரச்சினையே இல்லை.

உவர்மலை ரீச்சர்:
அம்மாவுக்குப் பகலில் இருக்க அவருடைய அறையே வடிவாக இருக்கட்டும் தம்பி. சாய்மனைக் கதிரையும் ரீவியும் அங்கே போடலாம். சோலாரை நானும் வரவேற்கிறேன், பிளாட்டுக்கு நிழலும் ஆச்சு.

உப்புவெளிப் புதுவீடு:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவின் அறைக்கும் எங்கள் அறைக்கும் தனித்தனி இன்வேர்ட்டர், மூன்றாவது அறைக்குப் பைப் மட்டும். மச்சானின் காசை மேல்கூரைக்குக் கேட்கப் போகிறேன். கடல் எங்களுக்குக் கிழக்கே. அம்மாவின் அறைக்கு வடக்கிலும் தெற்கிலும் சுவர் இருக்கிறது. அவுட்டோர் எந்தப் பக்கம்?

நிலாவெளி மெக்கானிக்:
தெற்கு. மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், வடக்குச் சுவரில் உப்பு நேரே அடிக்கும். ஏணி இல்லாமல் எட்டும் உயரத்தில் வையுங்கள், மாதம் ஒருதரம் மெயினை நிற்பாட்டிவிட்டு நல்ல தண்ணீரால் தகட்டைக் கழுவலாம். தாங்கும் பிரக்கெட் கல்வனைஸ் பண்ணியதாக இருக்கட்டும், சும்மா பெயின்ற் அடித்தது கறள் பிடித்துவிடும். தண்ணீர் வடியும் பைப்புக்கு ஓட்டை போடும்போது வெளிப்பக்கம் சரிவாகப் போடச் சொல்லி, பாஸுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள்.