ஆறு மணிப் பேருரை யாருக்கு?

நெல்லியடியான்:
போன கிழமை இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு கல்வி வளாகத்தில் மாலை 6 மணிக்குப் பொதுப் பேருரை. நிலத்தடி நீர் பற்றிப் பேச வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். 'அனைவரும் வருக' என்று அழைப்பிதழில் இருந்தது, போனேன். மங்கள விளக்கு, வரவேற்புரை, அறிமுகவுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து அவர் வாயைத் திறக்க 6.50. கேள்வி நேரம் வருவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழும்பி ஓடினேன். பருத்தித்துறைப் பக்கம் என்றால் 30 கிலோமீற்றர்; ஓட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லை. பின்னேரம் 3 மணிக்கு வைத்தால் என்ன?

கந்தர்மடத்துப் பழசு:
தம்பி, 3 மணிக்கு வைத்தால் வளாகத்துப் பெடியள் மட்டும்தான் இருப்பார்கள், அதுவும் வரவு பதிந்தால்தான். வங்கி, அரச அலுவலகம், கடை என்று வேலை செய்கிறவர்கள் எப்படி வருவது? மாலைதான் ஊருக்கான நேரம். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கியதும் வெள்ளி மாலையில்தான். 1897இல் விவேகானந்தர் இந்துக் கல்லூரியில் பேசியபோது பஸ்ஸே இல்லை, சனம் வரவில்லையா?

நெல்லியடியான்:
பஸ் இல்லாத காலத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிடும் கவலையும் இல்லை, அண்ணை.

இணுவில் ரீச்சர்:
நானும் அதே உரைக்குப் போனேன். பள்ளிக்கூடம் 1.30க்கு விடுகிறது, எனக்கு 3 மணியும் சரிதான். ஆனால் உயர்தரப் பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது, ரியூஷன். அது போகட்டும். உரை முழுக்க ஆங்கிலம். என் பக்கத்தில் வெங்காயம் செய்கிற ஐயா ஒருவர் இருந்தார். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணற்றில் வருகிறது, நாங்கள் போடும் யூரியாவும் மலசலகூடக் குழிக் கழிவும் அதே கல்லின் வெடிப்பு வழியாக இறங்கி நைத்திரேற்றாகச் சேர்கின்றன. பேசியது முழுவதும் அவருடைய தோட்டத்தைப் பற்றித்தான்! குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம், திரையில் வந்தபோது மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, எங்கட கிணறு அதுக்கு மேலையோ கீழையோ?" மைக்கில் கேட்க அவருக்குக் கூச்சம். நானும் எழும்பிக் கேட்கவில்லை, அது என் பிழை.

கந்தர்மடத்துப் பழசு:
வந்தவருக்குத் தமிழ் தெரியாது, என்ன செய்வது? வரிக்கு வரி மொழிபெயர்த்தால் ஒரு மணி உரை இரண்டு மணியாகும், பிறகு தம்பியின் பஸ் கதைதான். விவேகானந்தரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்.

இணுவில் ரீச்சர்:
நாவலரை இழுத்ததும் நீங்கள்தானே அண்ணை. அவர் ஆங்கிலம் படித்தவர், பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் இருந்தவர். கோயிலில் நின்று பேசியது தமிழில். வரிக்கு வரி வேண்டாம். வாசலில் ஒரு பக்கச் சுருக்கம் கொடுக்கலாம். கேள்வி நேரத்துக்கு முன் உள்ளூர் விரிவுரையாளர் ஒருவர் 10 நிமிடம் தமிழில் சொல்லலாம். பொன்னாடைக்குப் போன நேரத்தில் பாதிகூடத் தேவையில்லை.

கரையூர்க் காற்று:
யூடியூப்பில் நேரலை போட்டால் எல்லாம் முடிந்தது. இதற்குப் போய்ச் சண்டை.

இணுவில் ரீச்சர்:
நேரலையில் யார் வெங்காயத் தோட்டத்துக் கேள்வியை எடுக்கிறார்கள்? 'நன்றி ஐயா' என்று இதயக்குறி போடலாம், அவ்வளவுதான்.

கந்தர்மடத்துப் பழசு:
சுருக்கத்துக்கு நான் எதிரில்லை. ஆனால் வருகிற பேராசிரியர்கள் பலர் அன்று மத்தியானம்தான் உரையின் படங்களையே அனுப்புவார்கள், அதை யார் இருந்து தமிழில் எழுதுவது? ஒழுங்கு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நேரத்தில் 5.30 வரை இறங்கி வருகிறேன், 3க்கு இல்லை. பொன்னாடையை மட்டும் என்னால் நிறுத்த ஏலாது.

நெல்லியடியான்:
5.30 என்றால் கேள்வி நேரம் வரை இருப்பேன், சரி. ரீச்சர், அந்த ஐயாவின் கிணற்றுத் தண்ணீரை யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

இணுவில் ரீச்சர்:
தெரியாது. இலக்கம் வாங்க மறந்துவிட்டேன். ஏழாலைப் பக்கம் என்று மட்டும் சொன்னார்.