அப்பா அம்மாவோட பொலோனியால அஞ்சு நாள்: ஒரே ஊர்ல இருக்கலாமா, ரோம் வெனிஸ்னு ஓடணுமா?

குடமுருட்டி:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு கும்பகோணம் பக்கம் தாராசுரம். அக்கா பொண்ணு இத்தாலில பொலோனியா யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் படிக்குது, "தாத்தா பாட்டிய கூட்டிட்டு வா மாமா"ன்னு ஒரு வருஷமா நச்சரிப்பு, ஒருவழியா அக்டோபர்ல போறதா முடிவாகி லீவும் சொல்லியாச்சு. கைல அஞ்சு நாள்தான் இருக்கு. இங்க ட்ராவல்ஸ்ல கேட்டா ரோம் பிளாரன்ஸ் பீசா வெனிஸ்னு நாலு ஊரையும் அஞ்சு நாள்ல அடைச்சு ஒரு பேப்பர் குடுக்குறாங்க, அதப் பாத்தாலே எனக்கு மூச்சு வாங்குது. பொண்ணு என்னடான்னா "எங்க ஊர்லயே இருங்க மாமா, போதும்"ங்குது.

விஷயம் என்னன்னா அப்பாவுக்கு 71, பொதுப்பணித்துறைல இருந்து ரிடயர் ஆனவரு, சர்வீஸ் பூரா வாய்க்கால் மதகுன்னே போச்சு, இப்பவும் காலைல அரசலாத்துக் கரைல ஒரு மணி நேரம் நடப்பாரு. அம்மாவுக்கு முட்டி வலி. ரெண்டு பேரும் சுத்த சைவம், அம்மா முட்டை போட்ட கேக்கக் கூட தொட மாட்டாங்க. அப்பாவுக்கு டபரால காபி, சாப்பாட்டுக்கு அப்புறம் வெத்தல, இது ரெண்டும் இல்லாட்டி அன்னிக்கி வீட்ல யாரும் அவர்கிட்ட பேச முடியாது.

அந்த ஊர்ல அஞ்சு நாள் ஓட்ட விஷயம் இருக்கா? தெருவெல்லாம் வயசானவங்க நடக்குற மாதிரியா? சாப்பாடு? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க, யூடியூப் பாத்துட்டு சொல்றவங்க கொஞ்சம் பொறுங்க.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு:

இத்தாலி வரைக்கும் போயி ரோம் பாக்கலன்னா ஊர்ல கேக்குறவங்களுக்கு என்ன பதில் சொல்லுவீங்க ப்ரோ. திருச்சி வரைக்கும் வந்துட்டு மலைக்கோட்டை பாக்காம பஸ் ஸ்டாண்டுல பரோட்டா தின்னுட்டுப் போன கதையா ஆயிடும். நான் போனதில்ல, சும்மா சொன்னேன்.

கடைமுழுக்கு:

நான் மாயவரம், அங்க ஆராய்ச்சிக்காக மூணு வருஷம் குப்ப கொட்டிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா போகும், மன்னிச்சுக்கங்க.

மொதல்ல தெரு. உங்க அம்மா முட்டிக்கும் அக்டோபர் மழைக்கும் இத விட தோதான ஊர் ஐரோப்பால எனக்குத் தெரிஞ்சு கிடையாது. ஏன்னா ஊர் பூரா வீட்டு முன்னாடி தூண் வச்ச தாழ்வாரம், போர்ட்டிக்கோம்பாங்க, தெருவுக்குத் தெரு ஓடுது. எல்லாத்தையும் கூட்டுனா 62 கிலோமீட்டர் வருதாம், 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. இது எப்படி வந்துச்சுங்கறதுதான் சுவாரஸ்யம். யூனிவர்சிட்டிக்கு ஆரம்ப வருஷமா 1088ன்னு சொல்றாங்க, அதுக்கப்புறம் படிக்க வர்ற கூட்டம் ஜாஸ்தியாயி வீட்ல இடம் பத்தல, மாடிய மட்டும் தெருப்பக்கமா நீட்டிக் கட்டுனாங்க, அது விழாம இருக்க கீழ மரத்தூண் முட்டுக் குடுத்தாங்க. மத்த ஊர்ல இதெல்லாம் ஆக்கிரமிப்புன்னு இடிச்சாங்க, இங்க 1288ல சட்டமே போட்டு வீடு கட்டுனா தாழ்வாரம் இருந்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க, அதுவும் குதிரைல உக்காந்தவன் தல இடிக்காம போற உசரத்துக்கு. இன்னிக்கும் அந்தத் தாழ்வாரம் வீட்டுக்காரன் சொத்து, பராமரிப்பும் அவன் தலையில, ஆனா நடக்குற உரிமை ஊருக்கு. நம்ம ஊர்ல திண்ணை அப்படித்தானே இருந்துச்சு, யார் வேணா ராத்திரி படுத்துட்டுப் போலாம், எந்திரின்னு சொல்ல ஆள் கிடையாது. எங்க தாத்தா வீட்டுத் திண்ணைக்கு இப்ப க்ரில் போட்டு ரெண்டு பைக் நிக்குது. அத நெனச்சுக்கிட்டுதான் மொத வருஷம் பூரா அங்க நடந்தேன். அடைமழையில ஸ்டேஷன் பக்கத்துலேருந்து நடு ஊரு வரைக்கும் கொடையே விரிக்காம போலாம்.

அப்பாவுக்குன்னே ஒரு தாழ்வாரம் இருக்கு. சரகோஸ்ஸா வாசல்லேருந்து மலை மேல இருக்குற சான் லூக்கா கோயில் வரைக்கும் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர், 666 வளைவு, கட்ட ஆரம்பிச்சது 1674. பாதி வரைக்கும் சமதரை, மெலொன்செல்லோ வளைவு தாண்டுனதும் நல்ல ஏத்தம். அம்மாவ இதுல இழுக்காதீங்க, பெரிய சதுக்கத்துலேருந்து டூரிஸ்ட் குட்டி ரயில் மாதிரி ஒரு வண்டி மேல போகுது, அதுல ஏத்திவிட்டுட்டு நீங்களும் அப்பாவும் நடங்க. 1433ல விடாம மழை பேஞ்சு பயிரெல்லாம் அழுகப் போற நேரத்துல அந்தக் கோயில்ல இருக்குற மாதா படத்த ஊருக்குள்ள இறக்கிக் கொண்டாந்தாங்களாம், மழை நின்னுச்சாம். இப்பவும் மே மாசம் ஊர்வலமா கீழ வருது. நாம மழை வரலன்னு வேண்டுவோம், அவங்க நிக்கணும்னு வேண்டிருக்காங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

அப்புறம் ரெண்டு கோபுரம். அசினெல்லி 97 மீட்டர், நம்ம பெரிய கோயில் முடிஞ்சு நூறு வருஷம் கழிச்சு எழும்புனது. பக்கத்துல கரிசெந்தா, 48 மீட்டர்தான், குடிச்சவன் மாதிரி சாஞ்சு நிக்கும், பயந்து போயி 14ம் நூற்றாண்டுலயே மேல்பாதிய இறக்கிட்டாங்க. சாய்வு மோசமாயிடுச்சுன்னு 2023 அக்டோபர்ல சுத்தி வேலி போட்டு ரெண்டு கோபுரத்தையும் மூடிட்டாங்க, கீழேருந்து பாத்துக்கலாம். உங்க பொண்ணுக்கு இதுல வருத்தம் இருக்காது, படிப்பு முடியறதுக்குள்ள அசினெல்லி ஏறுனா டிகிரி கிடைக்காதுன்னு அந்த ஊர் பசங்களுக்கு ஒரு பயம் உண்டு.

சான் பெத்ரோனியோன்னு பெரிய சர்ச், 1390ல ஆரம்பிச்சு இன்னும் முகப்பு முடியல, கீழ்பாதி பளிங்கு, மேல வெறும் செங்கல். உள்ள தரையில 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கு, 1655ல கசீனிங்கற வானியல்காரர் போட்டது, கூரையில ஒரு சின்ன ஓட்டை, அது வழியா வர்ற வெயில் உச்சிப்பொழுதுல கோட்டு மேல விழும், விழுற இடத்த வச்சு தேதி சொல்லிடலாம். நாகேஸ்வரன் கோயில்ல சித்திரைல சூரியன் உள்ள வர்றதப் பாத்த கும்பகோணத்துக்காரருக்கு இத விளக்கத் தேவையில்ல. அக்டோபர்ல அங்க உச்சின்னா ஒரு மணி வாக்குல, சர்ச் திறந்திருக்குற நேரத்த மட்டும் முன்னாடியே பாத்துக்கங்க.

இன்னொண்ணு, உங்க அப்பா அந்த ஊருக்கு அன்னியமே இல்ல. தெருவுல எங்க பள்ளம் தோண்டுனாலும் ரிடயர் ஆன நாலு பெருசு கைய பின்னால கட்டிக்கிட்டு நின்னு வேலை சரியா நடக்குதான்னு மேற்பார்வ பாக்கும். அதுக்கு அந்த ஊர் பாஷையில உமரேல்னு பேரே இருக்கு. ட்ராம் பாதை போடுறோம்னு ஊரையே நோண்டிப் போட்டிருக்காங்க, அப்பாவுக்கு டைம்பாஸ் கேரண்டி.

பொன்னி அரிசி:

மேல தம்பி எழுதுனது எல்லாம் சரி, சாப்பாட்டப் பத்தி ஒரு வரி கூட எழுதல பாருங்க, ஆம்பளைங்கன்னா இப்படித்தான். நான் திருவையாறு, மருமக பிரசவத்துக்காக அந்தப் பக்கம் மூணு மாசம் இருந்தேன்.

அந்த ஊர் இத்தாலிலயே கறி ஊரு. கொழுத்த ஊருன்னே பட்டப்பேரு. மொர்டடெல்லாங்கற சாசேஜ் பன்னி, தொர்த்தெல்லினிங்கற கொழுக்கட்டை மாதிரி பாஸ்தாக்குள்ள பன்னி, அது மெதக்குற சூப்பு சேவல். உலகம் பூரா ஸ்பெகெட்டி போலோனீஸ்னு விக்கிறானே, அது அந்த ஊர்லயே கிடையாது தெரியுமா, அவங்க அந்தக் கறிக்குழம்ப தல்யாத்தெல்லேங்கற பட்டையான முட்டை மாவு ரிப்பனோடதான் சாப்பிடுவாங்க. ஹைவே பூரா கும்பகோணம் டிகிரி காபின்னு போர்டு வச்சு செம்பு டபரால கழனித்தண்ணி குடுக்குறானே அதே கதைதான். ஆனா அவங்க கெட்டிக்காரங்க, 1982ல குழம்போட செய்முறைய வர்த்தக சபையில பதிஞ்சு வச்சுட்டாங்க, ரிப்பன் வெந்தப்புறம் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும்னு தங்கத்துல ஒண்ணு செஞ்சு வச்சிருக்காங்களாம். நாமளும் காபிக்கு அப்படி ஒண்ணு பண்ணிருக்கணும், விட்டுட்டோம்.

இப்ப உங்க அம்மாவுக்கு. பர்மிஜானோ சீஸ் எல்லாத்து மேலயும் தூவுவாங்க, அத ஒறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுக்குற பொருள் போடுறாங்க, அதுதான் அதுக்கு விதி. எனக்கு ஒரு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது, அன்னிக்கி ராத்திரி தூக்கமில்ல. கைல செஞ்ச பாஸ்தான்னா முட்டை உண்டு, கடையில பாக்கெட்ல வர்ற காஞ்ச பாஸ்தா வெறும் கோதுமை ரவையும் தண்ணியும்தான், அட்டையில ஒரு தடவ பாத்துக்கங்க. நம்ம சப்பாத்தி மாதிரி பியதீனான்னு ஒண்ணு இருக்கு, பாத்தா ஆசையா இருக்கும், மாவுலயே பன்னிக் கொழுப்பு போடுற வழக்கம் உண்டு, "சென்ஸா ஸ்ட்ருட்டோ"ன்னு கேட்டு வாங்கணும், ஆலிவ் எண்ணெயில பண்றவங்களும் இருக்காங்க. "சென்ஸா கார்னே"ன்னா கறி இல்லாம, ஆனா மீன கறின்னு நெனைக்க மாட்டாங்க, அதையும் தனியா சொல்லணும். கண்ண மூடிக்கிட்டு சாப்பிடலாம்னா மரினாரா பீட்சா, தக்காளி பூண்டு மூலிகை எண்ணெய் அவ்ளோதான், சீஸே கிடையாது.

ஹோட்டல் வேணாம், சமையக்கட்டு இருக்குற வீடா எடுங்க. அரிசி அங்கயே வாங்கிக்கலாம். பருப்புப்பொடி, புளிக்காச்சல், காபித்தூள் எடுத்துட்டுப் போங்க. நெய்யி, பால்கோவா, தெரட்டுப்பால் எதுவும் வேணாம், பால் பண்டம் எடுத்துட்டு வரவே கூடாதுன்னு அங்க சட்டம். பச்சை இலைக்கும் சான்றிதழ் இருக்கணும், கறிவேப்பிலையும் அப்படித்தான் உங்க அப்பா வெத்தலையும் அப்படித்தான். பொட்டிக்கு நடுவுல ஒளிச்சு வைக்கிற வேலையெல்லாம் வேணாம்.

கடைமுழுக்கு:

அக்கா சீஸ் விஷயத்துல அம்மாவ ரொம்ப பயமுறுத்திட்டீங்க, அதெல்லாம் தெரியாம சாப்பிட்டா தோஷமில்ல. காபி மட்டும் நான் சொல்றேன். வெறும் "கஃபே"ன்னு கேட்டா மருந்து அளவு டிக்காஷன் ஒரு குட்டிக் கப்புல வரும், "லாத்தே"ன்னு கேட்டா வெறும் பால் வரும், நான் மொத வாரம் பூரா பால் குடிச்சேன். அப்பாவுக்கு "கஃபே லாத்தே", அதுதான் கிட்ட வரும். கவுண்டர்ல நின்னு குடிச்சா ஒரு விலை, உக்காந்தா வேற விலை. ராத்திரி ஹோட்டல்ல உக்காந்தா கொப்பெர்த்தோன்னு தலைக்கு ரெண்டு மூணு யூரோ தனியா போடுவாங்க, ஏமாத்துறதில்ல, வழக்கம். ஏழரைக்கு முன்னாடி ராத்திரி சாப்பாடுங்கறதே கிடையாது.

பொன்னி அரிசி:

தெரியாம சாப்பிட்டா தோஷமில்லதான். இப்ப தெரிஞ்சு போச்சுல்ல தம்பி.

தறிச்சத்தம்:

திருபுவனம். பட்டுக் குடும்பம். யாருமே வாய்க்கால பத்தி சொல்லல, அதுக்காகவே லாகின் பண்ணேன். பொலோனியா ஒரு காலத்துல பட்டு ஊருங்க. ரேனோ ஆத்துல கசலேக்கியோங்கற இடத்துல அணை கட்டி, தண்ணியத் திருப்பி ஊருக்குள்ள வாய்க்கால் விட்டு, அந்தத் தண்ணி வேகத்துல சக்கரம் சுத்தி பட்டு நூல் முறுக்குனாங்க, இங்க நாம கையால முறுக்கிட்டு இருந்த காலத்துல. அந்த அணை இடைக்காலத்துது, இப்பவும் வேலை செய்யுது, ஊருக்கு வெளிய கொஞ்ச தூரம்தான், உங்க அப்பாவ அங்க கொண்டு போகலன்னா பாவம் பிடிக்கும். பழைய செங்கல் சூளைய தொழில் மியூசியமா மாத்திருக்காங்க, அதுல அந்த பட்டு ஆலைய பாதி அளவுல செஞ்சு வச்சிருக்காங்க, நான் முக்கா மணி நேரம் அது முன்னாடியே நின்னேன், கூட வந்தவங்க வெளிய போயி காபி குடிச்சுட்டு வந்துட்டாங்க.

வாய்க்கால்ல பெரும்பாதிய போன நூற்றாண்டுல மூடி மேல ரோடு போட்டுட்டாங்க. பியெல்லா தெருவுல சுவத்துல ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், தொறந்தா ரெண்டு பக்கம் வீட்டுக்கு நடுவுல வாய்க்கால் ஓடும், போட்டோ எடுக்க க்யூவே நிக்கும். தண்ணி விடாத நாள்ல வெறும் சேறுதான். மேட்டூர் தொறக்காத வருஷம் பாத்தவங்களுக்கு அது ஒண்ணும் புதுசில்ல.

குடமுருட்டி:

எல்லாருக்கும் கோடி நன்றி. ட்ராவல்ஸ் பேப்பர கிழிச்சாச்சு. நாலு நாள் பொலோனியா, நாச்சியார்கோயிலார் மனசு நோகக் கூடாதுன்னு ஒரு நாள் மட்டும் ட்ரெயின்ல வெனிஸ் போய்ட்டு ராத்திரி திரும்புறதா இருக்கு, ஒன்றரை மணி நேரம்தான்னு பொண்ணு சொல்லுது. அம்மாகிட்ட சீஸ் விஷயத்த படிச்சுக் காட்டிட்டேன், இப்ப இட்லிப்பொடி ரெண்டு கிலோவா மூணு கிலோவான்னு பேச்சு ஓடுது. வெத்தலைக்கு அப்பா ஒத்துக்கிட்டாரு, ஆனா மூஞ்சி சரியில்ல, பாக்கு மட்டும் போட்டுக்குறேன்னாரு.

தறிச்சத்தம் சார், உங்களுக்கு ஒரு கேள்வி, அப்பா கேக்க சொன்னாரு. அந்த அணைல ஷட்டர் இருக்கா இல்ல தண்ணி மேல வழிஞ்சு ஓடுற மாதிரியா, மணல் தள்ளுறதுக்கு என்ன ஏற்பாடு பண்ணிருக்கான்? மத்தியானத்துலேருந்து மூணு தடவ கேட்டுட்டாரு.